குறட்டையும் சோம்பேறிப் பட்டமும்

தேயிலைத் தோட்டத்தில் தூக்கம் என்றைக்குமே தொழிலாளியின் சொத்தாக இருந்ததில்லை. விடிகிற நேரத்துக்குச் சங்கு ஊதும், பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவார்கள். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் எழுதிய ‘ரெட் டீ’ நாவலில் அந்த வாழ்க்கை இருக்கிறது. தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’. எங்கள் ஊரில் ஒருத்தர் ஸ்லீப் அப்னியா பரிசோதனைக்கு ஏன் தயங்குகிறார் என்று யோசித்தால், எனக்கு அந்தச் சங்குச் சத்தத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

என் சித்தப்பா கொழுந்து லாரி ஓட்டுபவர். டாக்டர் ராத்திரி டெஸ்ட் எடுக்கச் சொன்னபோது, “நல்லா உழைச்சவன்தான்டா குறட்டை விடுவான். அதுக்கு ஒரு டெஸ்டா?” என்று சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. “மூச்சு நின்னு நின்னு வருது. திரும்ப வர்ற வரைக்கும் நான் எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன்” என்றார். தூங்குகிறவர் தன் நோய்க்குச் சாட்சியாக இருக்க முடியாது. பக்கத்தில் விழித்திருப்பவர்தான் சாட்சி.

இந்த நோயின் வரலாறும் சிரிப்பில்தான் ஆரம்பிக்கிறது. 1836-ல் தொடராக வரத் தொடங்கிய டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் ஜோ என்றொரு குண்டுப் பையன் வருவான். நின்ற இடத்திலேயே தூங்கிவிடுவான். வாசகர்கள் ரசித்துச் சிரித்தார்கள். 1956-ல் அமெரிக்காவில் பர்வெல் என்ற மருத்துவரும் உடனிருந்தோரும் அந்தப் பையனை வைத்தே ‘பிக்விக்கியன் சிண்ட்ரோம்’ என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்களுடைய நோயாளி ஒரு நிறுவன அதிகாரி. சீட்டாட்டத்தில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா என்று அருமையான கை வந்தும் தூங்கிப்போய் ஆட்டத்தை விட்டவர். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

1965-ல் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் தூக்கத்தைப் பதிவு செய்து பார்த்த பிறகு, கோளாறு குணத்தில் இல்லை, மூச்சில் இருக்கிறது என்பது புரிந்தது. தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு பத்து விநாடிக்கு மேல் நிற்கிறது, மூளை பதறி எழுப்புகிறது. ராத்திரி முழுக்க இதே கதைதான். முதலில் இருந்த வைத்தியம் கழுத்தில் துளை போடுவது. 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன், மூக்கு வழியாகக் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கலாம் என்று காட்டினார். இன்றைய சிபாப் முகமூடி அங்கிருந்து வந்ததுதான்.

ஆக, ‘சோம்பேறி’யிலிருந்து ‘தொண்டை’க்கு வர மருத்துவத்துக்கே நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. நோயாளி மட்டும் ஒரே நாளில் வந்துவிட வேண்டுமா?

பகல் தூக்கத்தை அளக்க 1991-ல் வந்த எப்வொர்த் அளவுகோலில் எட்டுக் கேள்விகள். படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, காரில் போகும்போது கண் சொக்குமா என்று கேட்கும். எட்டும் உட்கார்ந்தோ படுத்தோ இருப்பவருக்கானவை. சரிவில் நாள் முழுக்க நின்று கொழுந்து பறிப்பவருக்கு அதில் இடமில்லை. தவிர, “வேலை நேரத்துல தூக்கம் வருது” என்று சொன்னால், தோட்டத்தில் அது நோயின் அறிகுறியாகக் கேட்காது, ஒப்புதல் வாக்குமூலமாகக் கேட்கும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுபவருக்கோ, அதைச் சொன்னால் வேலை போகும் என்ற பயம், சொல்லாவிட்டால் உயிர் போகும் ஆபத்து.

இதை அறியாமை என்று சொல்வது சுலபம். எனக்கு இது அனுபவம் கற்றுக்கொடுத்த எச்சரிக்கையாகத்தான் படுகிறது. அதனால் பரிசோதனை அறையில் முதல் கேள்வியைச் சித்தியிடம் கேட்கலாம். சித்தப்பாவிடம், “இதுல உங்க தப்பு எதுவுமில்ல” என்று முதலில் சொல்லலாம். முகமூடியைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.