முழுமையற்ற ஓங்குதன்மை (நெல்லில்)

மாறுபட்ட பண்புகளைக் கொண்ட இரு தூய பெற்றோரைக் கலக்கும்போது, முதல் தலைமுறையில் எந்தப் பண்பும் மற்றதை முழுதாக மறைக்காமல் இடைப்பட்ட தோற்றம் உண்டாவது முழுமையற்ற ஓங்குதன்மை எனப்படும். அடுத்த தலைமுறையில் 1:2:1 என்ற விகிதத்தில் பழைய பண்புகள் இரண்டும் பழுதின்றித் திரும்பும். தோற்றந்தான் கலக்கிறது, மரபணுக்கள் கலப்பதில்லை. தென்காசி, குற்றாலம் வட்டாரத்துக்கு இக்கருத்து நெருங்கி வருவது, சித்தாற்றுப் பாசனத்தில் கார், பிசானம் ஆகிய பருவங்களில் விளையும் நெல்லின் வழியாகத்தான்.

1760களில் ஜெர்மானியரான கோல்ராய்ட்டர் புகையிலை இனங்களைக் கலந்து இடைப்பட்ட செடிகளைப் பெற்றார். மெண்டலின் 1866ஆம் ஆண்டுக் கட்டுரை முழு ஓங்குதன்மைக்கே பெயர் பெற்றது. எனினும் பட்டாணிக் கலப்புகளில் பூக்கும் காலம் பெற்றோருக்கு நடுவே அமைவதை அவரே குறித்திருக்கிறார். சிவப்பும் வெள்ளையும் கலந்து இளஞ்சிவப்புப் பூக்கும் அந்திமந்தாரையை காரென்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். தமிழகப் பாடநூல்கள் இன்றும் காட்டும் எடுத்துக்காட்டு அதுவே.

நெல்லைப் பொறுத்தவரை செறிவான காலம் கோயம்புத்தூரில் தொடங்குகிறது. 1912இல் அங்கே நெல் இனப்பெருக்க நிலையம் அமைந்தது. அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் எஃப். ஆர். பார்னெல், ஜி. என். ரங்கசாமி ஐயங்கார், கே. ராமையா ஆகியோர் நெல்லின் மரபுப் பண்புகள் பற்றி 1917இல் ஆய்வேடு வெளியிட்டனர்; இரண்டாம் பகுதி 1922இல் வந்தது. இடையே, 1921இல், பார்னெல் எழுதிய சிறு குறிப்பு ஒன்று தனியே சொல்லத்தக்கது. சாதா நெல்லின் மாவுச்சத்து அயோடின் பட்டால் கருநீலமாகும். குழைந்து ஒட்டும் பசையரிசி நெல்லினது செம்பழுப்பாகும். இவ்விரண்டும் கலந்து பிறந்த செடியின் மகரந்தப்பையைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி, ஒரு சொட்டு அயோடின் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், துகள்களில் ஏறத்தாழப் பாதி நீலம், பாதி செம்பழுப்பு. ஒவ்வொரு துகளும் மரபணுவின் ஒரு படியை மட்டுமே சுமப்பதால், மறைப்பதற்கும் மறைவதற்கும் அங்கே இடமில்லை. மெண்டல் தலைமுறைகளை விளைவித்து எண்ணிக் கண்ட பிரிவினையை இங்கே ஒரே செடியில், ஒரே தகட்டில் கண்ணால் காண முடிகிறது. தமிழ் மண்ணில் நடந்த மரபியல் சோதனைகளில் இத்தனை எளிமையும் தெளிவும் கொண்டது அரிது.

அதே கலப்பின் அரிசிமணியில் நிலைமை வேறு. மணியின் மாவுப்பகுதியில் மரபணுவுக்கு மூன்று படிகள்: தாய்வழி இரண்டு, தந்தைவழி ஒன்று. அயோடின் பட்டால் கலப்பின மணியும் சாதா அரிசி போலவே கருக்கிறது. மாவுச்சத்தின் ஒரு கூறான அமைலோஸை அளந்தாலோ அளவு பெற்றோருக்கு நடுவே நிற்கிறது. கண்ணுக்கு முழுமையாகத் தெரியும் ஓங்குதன்மை அளவையில் முழுமையற்றதாகிவிடுகிறது. படிக்குப் படி அமைலோஸ் எவ்வளவு ஏறும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. கலக்கும் இரகங்களைப் பொறுத்து அது மாறுவதாகக் கருதப்படுகிறது.

ரங்கசாமி ஐயங்கார் பின்னர் சிறுதானிய ஆய்வுக்குச் சென்றார். ராமையா 1946இல் கட்டாக்கில் நிறுவப்பட்ட மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார்.

தென்காசிக்கு அண்மையிலுள்ள அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937இல் தொடங்கியது. ஏடிடி 31, கோ 39 ஆகிய நெல் இரகங்களைக் கலந்து அது 1986இல் வெளியிட்ட ஏஎஸ்டி 16, உழவர் வாயில் ‘அம்பை 16’ ஆயிற்று. குட்டையான பயிர், குண்டு மணி. கார் பருவத்துக்கு உகந்தது.

நெற்பயிரின் குட்டைத்தன்மை இன்னும் பேசப்படும் பொருள். 1966இல் வந்த ஐஆர் 8 நெல் இரகத்தின் குட்டைத்தன்மை ஒரே மரபணுவால் அமைந்தது. நெட்டை நெல்லோடு கலந்தால் இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குட்டையாகும். முதல் தலைமுறைப் பயிர் சில கலப்புகளில் நெட்டைக்கு இணையாகவும் சிலவற்றில் சற்றே தாழ்ந்தும் நிற்பதால், குட்டைத்தன்மையை முழு ஒடுங்குதன்மை (முழுதாக மறைவது) என்போரும் பகுதி ஒடுங்குதன்மை என்போரும் உளர். ஜிப்பரெலின் என்னும் வளர்ச்சி ஊக்கியை உருவாக்கும் நொதி ஒன்றுக்கு உரியது அந்த மரபணு என்பது 2002இல் தெரியவந்தது.