ஏடுகள் குடிபெயர்ந்த வரலாறு



காவிரி பாயும் நம் நெல்வயற் சீமையில் வீடு மாறுதல் எளிய காரியமாகக் கருதப்பட்டதில்லை. ஆடியும் மார்கழியும் ஆகா என்பர். தை அறுவடை முடிந்து களம் ஒழிந்தபின் நாள் பார்ப்பர். புதிய வீட்டினுள் விளக்கும் நிறைகுடமும் உப்பும் மஞ்சளும் முதலில் புகும், பால் பொங்கும், மற்றைப் பண்டங்கள் பின்னரே வந்து சேரும். இவ்வழக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. எல்லாவற்றையும் ஒருசேரத் தூக்காமல், இன்றியமையாததை முதலிற் பிரித்தெடுக்க வேண்டும் என்பதே அது. இதன் பயனை மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் வாழ்க்கை கொண்டு விளக்க விரும்புகிறேன்.

1855ஆம் ஆண்டிற் பிறந்த ஐயரின் சொந்த ஊர், பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீதத்தில் வல்லவர். இராமாயணக் கதை சொல்லியும் பொருள் ஈட்டினார். ஆதரிக்கும் அன்பர்கள் எங்கு இருந்தனரோ அங்கேயே குடும்பம் தங்கிற்று. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஊர்கள் மாறின. மகனுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியரைத் தேடியும் ஊர் மாறினர். 1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோது அத்தேட்டம் நிறைவேறிற்று. இத்தனை முறை இடம் மாறியும் அக்குடும்பம் தளரவில்லை. சேர்த்த செல்வம் கல்வியாயிருந்தது. அதனைச் சுமக்க வண்டி வேண்டுவதில்லை அன்றோ?

ஆயின், 1880ஆம் ஆண்டில் ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானபின் நிலைமை மாறிற்று. சீவக சிந்தாமணியை ஆராயப் புகுந்தவர், ஊர் ஊராகச் சென்று பழஞ்சுவடிகளைத் திரட்டலானார். 1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அச்சேறின. அவர் வீட்டில் மிகப் பெரிய சுமை ஏட்டுச் சுவடிகளே.

பனையோலைச் சுவடி எத்தகையது என்பதை நீங்கள் அறிய வேண்டும். ஓலைகளில் துளையிட்டுக் கயிறு கோப்பர். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவர். ஈரம் பட்டால் ஓலை கெடும். மிகக் காய்ந்தால் ஒடியும். செல்லும் பூச்சியும் அரிக்கும். கயிறு அறுந்து ஓலைகள் கலைந்தால், எது முன் எது பின் என்று தேர்வது பெரும்பாடு. அதன் அருமை உணராதார் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட சுவடிகளும் பலவாம்.

1903ஆம் ஆண்டில் ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார். 23 ஆண்டுகள் வாழ்ந்த கும்பகோணத்தை விட்டுப் பெயர்ந்தார். திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த இல்லத்துக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். கும்பகோணம் கல்லூரியில் தமக்கு முன் ஆசிரியராக இருந்து, அப்பதவியைத் தமக்குக் கிடைக்கச் செய்த தியாகராச செட்டியாரிடம் அவர் கொண்ட நன்றியே அப்பெயர். 1904இல் பதிற்றுப்பத்தும், 1918இல் பரிபாடலும், 1937இல் குறுந்தொகையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. குடிபெயர்ந்த வேளையில் ஏடுகள் சிதறியிருப்பின் இத்தொண்டு எவ்வாறு தொடர்ந்திருக்கும்? எண்ணிப் பாருங்கள்.

இறுதிப் பெயர்ச்சி துயரமானது. 1942ஆம் ஆண்டு உலகப் போரின் அச்சத்தால் சென்னை மக்கள் நகரை விட்டு வெளியேறினர். முதுமையில் ஐயரும் திருக்கழுக்குன்றம் சென்றார். ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேயே மறைந்தார். மறு ஆண்டில் ருக்மிணி தேவியின் முயற்சியால் அவர் பெயரால் நூல்நிலையம் தோன்றிற்று. அது இன்று பெசன்ட் நகரில் விளங்குகிறது. திருவல்லிக்கேணி வீடு 2012ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. வீடு போயிற்று, ஏடுகள் நின்றன.

என் அனுபவமும் ஒன்று கூறுவேன். பணிமாற்றத்தின்போது, என் தந்தையார் எழுதிய கடிதங்களைச் சமையற் பாத்திரங்களோடு ஒரே பெட்டியில் வைத்தேன். நல்லெண்ணெய் கசிந்து எழுத்தெல்லாம் அழிந்தது. பாத்திரம் ஒன்றும் பழுதாகவில்லை! பிழை வண்டிக்காரருடையதன்று, என்னுடையதே.

ஆதலின், வீடு மாறும்போது மூன்றை நினைவிற் கொள்ளுங்கள். வேண்டாதவற்றை முன்னரே கழித்துச் சுமையைக் குறையுங்கள். மீண்டும் வாங்க இயலாதவற்றைத் தனியே எடுத்து, வரிசை கலையாமற் கட்டி, அடையாளம் எழுதுங்கள். அக்கட்டினைப் பிறர் கையில் விடாது நீங்களே கொண்டு செல்லுங்கள். எஞ்சியவை ஒரு நாள் முன்பின்னாக வந்தாலும் கவலையில்லை, மனமும் பதறாது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சுவடியோ, பாட்டனார் கைப்பட எழுதிய குறிப்போ இருக்கக்கூடும். அடுத்த முறை வீடு மாறும்போது அதனையே முதலில் எடுத்து வையுங்கள்.