எத்தனை ஜிபி போடணும்?

"அண்ணே, கேமிங் பிசிக்கு எத்தனை ஜிபி ரேம் போடணும்?"

சித்தி மகன் கேட்டான். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த காசு அவன் கையில். பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய சந்தில், ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தோம். "16 போடு, முடிஞ்சா 32" என்றேன். தே தாரிக் வந்தது. அவன் விடவில்லை. "ஏன் 16? யார் சொன்னது?"

பொறியியல் படித்தவனாக ஒரு பதில் வைத்திருந்தேன். பிரிக்பீல்ட்ஸ்காரனுக்குப் புரிகிற மாதிரியே சொன்னேன். மதிய நேரம் வாழையிலைக் கடைக்குப் போனால், பரிமாறுபவர் கையில் வாளியோடு வருவார். சமையலறைதான் ஹார்ட் டிஸ்க். கையிலிருக்கும் வாளி ரேம். வாளி சின்னதென்றால் மூன்று இலைக்கு ஒருமுறை உள்ளே ஓட வேண்டும். நாம் சோற்றைப் பிசைந்தபடி சாம்பாருக்குக் காத்திருப்போம். விளையாட்டு திடீரென்று திணறி நிற்பது அந்தக் காத்திருப்புத்தான். இன்றைய பெரிய விளையாட்டுகள் ஒரு நகரத்தையே, சுவர், மரம், தார்ச்சாலை எல்லாவற்றின் படங்களோடும், கையில் வைத்திருக்கப் பார்க்கின்றன. 2015இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5 குறைந்தது 4 ஜிபி கேட்டது, 8 இருந்தால் நல்லது என்றது. இப்போது வரும் பல விளையாட்டுகளுக்கு 16 சாதாரணம்.

இந்தப் பதில் சரிதான். ஆனால் "யார் சொன்னது?" என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

வாளி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைச் சமையல் மட்டும் முடிவு செய்வதில்லை. 1977இல் வந்த அட்டாரி 2600 கருவியில் மொத்த ரேம் 128 பைட். ஜிபி இல்லை, கேபிகூட இல்லை. திருக்குறளின் முதல் குறளை யூனிகோடில், யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் 123 பைட் பிடிக்கும் (நான் எண்ணிப் பார்த்தேன்). ஒரு குறளை வைத்தால் 5 பைட் மிச்சம். அந்த இடத்துக்குள்தான் ஒரு தலைமுறையின் விளையாட்டுகள் ஓடின. சூப்பர் மாரியோ ஓடிய நின்டெண்டோவின் ரேம் 2 கேபி. அந்தக் காலத்து நிரலாளர்கள் அதிகம் கேட்கவில்லை, காரணம் ரேம் விலை. கிடைத்ததற்குள் எழுதினார்கள். விலை இறங்கினால் எழுதுபவரின் கை தாராளமாகும், அந்தத் தாராளம் பெட்டியின் பின்னால் "குறைந்தபட்சத் தேவை" என்று அச்சாகும். அதைத்தான் நாம் தொழில்நுட்ப விதி என்று நினைத்துக்கொள்கிறோம்.

விலைக்கோ வேறு கதை. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில் சுமிதோமோ கெமிக்கல் ஆலை வெடித்தது. அங்கே சில்லு எதுவும் செய்யவில்லை. சில்லைப் பொதிந்து மூடுகிற எபாக்சிப் பிசினுக்கான மூலப்பொருளைச் செய்தார்கள், உலகத் தேவையில் பெரும்பகுதியை. கொஞ்ச நாளிலேயே ரேம் விலை எங்கெங்கோ போய்விட்டது. அதே வருடம் டிசம்பரில் டூம் வந்தது, 4 எம்பி கேட்டது. வீட்டிலிருக்கும் கணினி டூம் ஓடுமா ஓடாதா என்பதில் எங்கோ எரிந்த ஒரு பிசின் ஆலைக்கும் பங்கு உண்டு. 1999 செப்டம்பரில் தைவானில் நிலநடுக்கம், மறுபடியும் விலை ஏறியது.

நமக்கு இன்னொரு அடியும் உண்டு. ரேமின் விலை டாலரில். 1997இன் நிதி நெருக்கடிக்கு முன் ஒரு டாலருக்கு ஏறக்குறைய இரண்டரை ரிங்கிட். 1998 செப்டம்பரில் 3.80 என்று கட்டிப்போட்டார்கள். 2005 ஜூலை வரை அப்படியே இருந்தது. அந்த வருடங்களில் உலகச் சந்தையில் ரேம் மலிவாகிக்கொண்டிருந்தது என்று நூல்களில் படிக்கிறேன். அந்த மலிவில் ஒரு பகுதியை ரிங்கிட் தின்றது என்பது அந்த நூல்களில் வராது.

எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது அந்த நேரத்தில்தான். 2000ஆம் ஆண்டு வாக்கில் ஊழியர் சேமநிதிப் பணத்திலிருந்து கணினி வாங்க அனுமதித்தார்கள். வாங்காமலேயே ரசீது காட்டிப் பணத்தை எடுத்தவர்கள் பலர், அதனால் திட்டம் நீடிக்கவில்லை. அப்பா உண்மையிலேயே வாங்கினார். 64 எம்பி ரேம். எனக்கு விவரம் தெரிந்து அதன் முன்னால் உட்கார்ந்தபோது 2008, எனக்குப் பதினொரு வயது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6க்குக் குறைந்தது 96 எம்பி வேண்டும். 32 எம்பி குறைந்தது. அந்த 32 எம்பிக்காகத்தான் பள்ளி முடிந்ததும் சைபர் கஃபேக்கு ஓடினேன். அங்கே எல்லா இயந்திரத்திலும் ரேம் இருந்தது, கையில் காசு இருந்தால். எங்கள் தெருப் பையன்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தோம். ஒருவன் விளையாட மூவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்போம்.

அப்பா ஒருநாள் ஒரு கடைக்குப் போய் 512 எம்பி குச்சி ஒன்று வாங்கி வந்தார். டிடிஆர்2. எங்கள் பலகையோ பழைய எஸ்டிரேம், வெட்டு வேறு, பின்களின் எண்ணிக்கை வேறு. பொருந்தவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். "கணக்குல சரியாத்தானே இருக்கு, 64க்கு 512 அதிகம்தானே" என்றார் அப்பா. அவருக்கு யாரும் வேறு மாதிரி சொல்லியிருக்கவில்லை.

கல்லூரியில் படிக்கும்போதுதான் இதன் மறுபக்கம் தெரிந்தது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் திறந்தது பினாங்கில், பாயான் லெப்பாஸில், முன்பு நெல் வயலாக இருந்த நிலத்தில். அன்றைக்கு இன்டெல் முதன்மையாக ஒரு நினைவகக் கம்பெனி. 1985இல்தான் அந்தத் தொழிலைவிட்டு விலகியது. 1970இல் அவர்கள் வெளியிட்ட 1103 சில்லு 1,024 பிட் கொண்டது. டிரேம் என்பது சின்னச் சின்ன மின்தேக்கிகள், நிரப்பியதும் கசியத் தொடங்கும். 1103இல் இரண்டு மில்லிவினாடிக்கு ஒருமுறை திரும்ப எழுத வேண்டும், இல்லாவிட்டால் மறந்துவிடும்.

சில்லுகளை நுண்ணோக்கி வழியே பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் இணைத்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். கம்பத்திலிருந்து வந்த மலாய்ப் பெண்கள் அதிகம், சீனப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் உண்டு. மின்சாரத் தொழிற்சாலைக்குப் போகிறவள் என்று "மினா காரான்" எனக் கேலிப் பெயர் வைத்தார்கள். எங்கள் கையால் கோத்த பொருள் எங்கள் கைக்குத் திரும்பி வர எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது பாருங்கள். தம்பி கேட்கும் 16 ஜிபியை 1103 சில்லுகளால் செய்தால் 13 கோடியே 42 லட்சம் சில்லுகள் வேண்டும். ஒவ்வொன்றும் யாராவது ஒருத்தியின் கண்ணுக்கு முன்னால் போயிருக்கும்.

இப்போது மறுபடியும் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. இந்தமுறை தீயும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகத்தை மொத்தமாக வாங்கிக்கொள்கின்றன. 2025 இறுதியில் சில மாதங்களுக்குள் ரேம் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. டிசம்பரில் மைக்ரான், வீட்டுப் பயனாளர்களுக்கான தன் குரூஷியல் பிராண்டை மூடுவதாக அறிவித்தது. அந்த மைக்ரானுக்கு மூவாரிலும் பினாங்கிலும் தொழிற்சாலைகள் உண்டு.

இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது அவன் கோப்பை காலி. "சரிண்ணே, அப்ப நான் என்ன வாங்க?"

உன் பலகை டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ என்று முதலில் பார், அதை மாற்றி வாங்கிவிடாதே என்றேன். எட்டு எட்டாக இரண்டு வாங்கினால் இரண்டு தடத்திலும் தரவு ஓடும், ஒற்றைப் பதினாறைவிட வேகம். ஆனால் காசு இல்லையென்றால் ஒரு எட்டு போடு, மற்ற ஸ்லாட்டைக் காலியாக விடு, விளையாட்டில் படத் தரத்தைக் குறைத்துவை. அவனுக்கு அது பிடிக்கவில்லை. லோ யாட்டில் விலை கேட்டுவர மோனோரயில் ஏறிப் போனான். மாலையில் செய்தி அனுப்பினான்: ஒரு எட்டுதான் வாங்கினான்.

அப்பாவின் மேசை டிராயரில் அந்த 512 எம்பி குச்சி இன்னும் கிடக்கிறது, பழைய சாவிகளோடு.