அட்டையில் விரிந்த அண்டம்

ஓர் இலக்கியத்துக்கு அதன் அட்டைப்படம் மதிப்பைத் தேடித்தர முடியுமா? அமெரிக்க விஞ்ஞானப் புனைகதையின் வரலாறு முடியும் என்றே சான்று பகர்கிறது.

1930, 40களில் இக்கதைகள் பெரும்பாலும் மலிவுத்தாள் சஞ்சிகைகளிலேயே வெளிவந்தன. கோரமான வேற்றுக்கிரகப் பிராணிகளும் அவற்றிடம் சிக்கி அலறும் பெண்களுமே அட்டைகளை நிரப்பினர். உள்ளே ஆழ்ந்த சிந்தனை இருந்தபோதும், அட்டையைக் கண்டே இலக்கியவாதிகள் முகஞ்சுழித்தனர்.

1952இல் இயன், பெற்றி பலன்ரைன் தம்பதியர் நியூயோர்க்கில் தொடங்கிய பதிப்பகம் வேறு வழி சென்றது. கனவுலகைத் தீட்டும் சர்ரியலிச ஓவியத்தில் தோய்ந்த றிச்சர்ட் பவர்ஸ் (1921–1996) அதன் அட்டைகளை வரைந்தார். கதைக் காட்சியை அப்படியே காட்டாமல், பெயரிட முடியாத உருவங்களையும் எல்லையற்ற வெளியையும் அவர் தீட்டினார். ஆதர் சி. கிளார்க்கின் 'சைல்ட்ஹூட்ஸ் என்ட்' நாவல் 1953இல் அவருடைய அட்டையுடனேயே வந்தது. 1956இல் இலங்கைக்குக் குடிவந்த அதே கிளார்க்தான்.

கிளார்க் கொழும்பில் மறைந்தது 2008இல். அதே ஆண்டில்தான் பவர்ஸின் பெயர் அமெரிக்காவின் விஞ்ஞானப் புனைகதைப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றது. அக்கௌரவம் வந்தபோது ஓவியர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளாகியிருந்தன.

பழைய புத்தகக் கடையில் ஓர் அட்டை உங்களை நிறுத்தினால், வரைந்தவரின் பெயரையும் சற்றே தேடிப் பாருங்கள்.