சாலைத் தெருவும் ஜானவாசக் காரும்

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு 'சாலை' என்றால் ரோடு அல்ல, கடைத்தெரு. கிழக்கே கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் பக்கம் போய் முடியும் அந்த ஒரே தெருவில் அரிசி, பருப்பு, வெல்லம், பாத்திரம், தங்கம், பூ, கல்யாண ஜவுளி என்று ஒரு குடும்பத்துக்குப் பிறப்பு முதல் கடைசி வரை வேண்டியது எல்லாம் கிடைக்கும். அதன் கிழக்கு ஓரத்தில்தான் எங்கள் வலியசாலை அக்ரஹாரம். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்று சொல்பவர்களும், இல்லை விழிஞ்ஞம் பக்கம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்தச் சர்ச்சைக்குள் நான் நுழையப் போவதில்லை. எனக்கு எழுத வேண்டியது வண்டிகளைப் பற்றி. யார் வண்டி வைத்திருந்தார்கள், யார் வண்டியில் யார் ஏறினார்கள், அதற்கு என்ன செலவாயிற்று என்பது பற்றி.

சாலைக் கடைத்தெருவை ஏற்படுத்தியவர் ராஜா கேசவதாஸ். தர்மராஜா என்று புகழ் பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்ம மகாராஜாவிடம் 1789 முதல் திவானாக இருந்தவர். 'வலிய திவான்ஜி' என்று ஜனங்கள் அழைத்தார்கள். இன்று எம்.சி. ரோடு திரும்பும் கேசவதாசபுரம் அவர் பெயரில் உள்ளதுதான். கரமனை ஆற்றையும் கிள்ளியாற்றையும் தாண்டித் தெற்கிலிருந்து சரக்கு வந்து சேர வேண்டும் என்பது அவர் திட்டம். நாஞ்சில் நாட்டு நெல்லும் அரிசியும் காளை வண்டிகளில் வந்தன. அந்நாளில் வண்டி என்றால் சரக்குக்குத்தான். மனிதர்கள் நடந்தார்கள். திவானும் பெரிய உத்தியோகஸ்தர்களும் பல்லக்கில் போனார்கள். பிறகு மேல்தட்டுக் குடும்பங்களுக்கு வில் வைத்த வண்டி வந்தது. குலுங்காமல் போகும், கூண்டு இருக்கும், மணி கட்டிய காளைகள் இருக்கும். வாசலில் வில்வண்டி நின்றால் அது பெரிய மனிதர் வீடு.

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் தாண்டிப் போவது சரியல்ல. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893ல் ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கி, வெள்ளை வேட்டி, மேல்துண்டு, தலைப்பாகையுடன் அதில் ஏறிப் பொதுச் சாலையில் போனார். அவர் புலையர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தச் சமூகத்தினர் அந்தச் சாலைகளில் நடக்கவே கூடாது என்றிருந்த காலம். தடுத்தவர்கள் உண்டு, அடிதடியும் நடந்தது. அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. நம் அக்ரஹாரத் தெருக்களும் அன்று எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பது நமக்கே தெரியும். பெருமையாக எழுதும் மலர்களில் இந்த வரி பெரும்பாலும் விட்டுப் போகும். வாகனம் என்பது சவாரி மட்டும் அல்ல, 'நான் யார்' என்று ஊருக்குச் சொல்வது என்பதை அந்த ஒரு வில்வண்டி காட்டியதுபோல் வேறெந்தக் காரும் காட்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ரயில் தம்பானூருக்கு 1931ல் வந்தது. 1938 பிப்ரவரி 20ஆம் தேதி ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா அரசு பஸ் சர்வீஸைத் தொடங்கி வைத்தார். முதல் பயணிகளும் மகாராஜாவும் அவர் குடும்பத்தாருமே. சர் சி.பி. ராமஸ்வாமி ஐயர் திவானாக இருந்த காலம். லண்டன் போக்குவரத்துக் கழகத்திலிருந்து சால்ட்டர் என்ற துரை வந்து நிர்வாகத்தை ஏற்றார். இங்கிலாந்திலிருந்து 60 காமர் சேஸிஸ்கள் இறக்குமதியாகின. கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். (இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய், இந்தக் கணக்கு இன்னும் நினைவிருக்கும் பெரியவர்கள் நம்மிடையே சிலராவது இருப்பார்கள்.) அதே பஸ்ஸில் முதல் வகுப்பும் இருந்தது, அதற்கு ஒன்றரை மடங்கு. ஒரே எஞ்சின், ஒரே டிரைவர், போய்ச் சேரும் நேரமும் ஒன்றுதான்! ஆனாலும் கூடக் கொடுத்து முன்னால் உட்கார ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள்.

எங்கள் தெருவில் நான் சிறுவனாக இருந்தபோது ஒரே ஒரு கார்தான். டாக்டர் மாமாவின் மோரிஸ் மைனர். என் தாத்தா சாலையில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். காலணா செலவுக்கும் காரணம் கேட்பார். அவருக்கு அந்தக் கார் மேல் ஒரே சந்தேகம். 'அது நிற்கிறபோதும் சாப்பிடும்டா' என்பார். அவர் சொன்னது தேய்மானத்தை. ஆனால் அதே தாத்தாவுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டியபோது ஜெனரல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அந்த மோரிஸ்தான். யாரும் கேட்கக்கூட இல்லை. மாமி திண்ணையில் வந்து நின்றாள், மாமா சாவியை எடுத்தார். பிரசவம், ரயிலடி, கல்யாணத்துக்கு வரும் காசிப் பாட்டி என்று தெருவே அந்தக் காரை வைத்துக்கொண்டது. பெட்ரோலுக்கு என்று பணம் நீட்டினால் அவருக்குக் கோபம் வரும். அதனால் ஒரு வீட்டிலிருந்து முருங்கைக்காயும் இன்னொரு வீட்டிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாயும் போகும்.

இனி ஜானவாசம். நம் கல்யாணங்களில் காருக்குக் கிடைத்த மரியாதை வேறெங்கும் கிடைத்ததில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கோவிலிலிருந்து மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்து வருவது, ஜனங்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்பதற்காக. ஏதாவது ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லிவிடலாம் என்றும் பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். முன்பு பல்லக்கும் குதிரை வண்டியும் இருந்த இடத்தில் மோட்டார் யுகத்தில் திறந்த கார் வந்தது. செவர்லே, ப்ளிமத், டாட்ஜ் என்று கப்பல் போன்ற அமெரிக்கக் கார்கள். பூ அலங்காரம், முன்னால் நாதஸ்வரம், இரு பக்கமும் தலையில் காஸ் லைட். கோட்டு சூட்டுப் போட்ட மாப்பிள்ளையைச் சுற்றி இரண்டு வீட்டுக் குழந்தைகளும் அடைத்துக்கொண்டிருக்கும். நடந்தால் பத்து நிமிஷத்தில் வரும் தூரத்துக்கு முக்கால் மணி நேரம். கிளட்ச் கருகும் வாசனை இன்றும் மூக்கில் இருக்கிறது.

அந்தக் கார்கள் எல்லாம் ஏன் அவ்வளவு பழசாக இருந்தன என்று சிறு வயதில் யோசித்ததுண்டு. காரணம் பிற்பாடுதான் புரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கியது; ஃபோர்டும் அந்தக் காலத்தில் வந்ததுதான். சுதந்திரத்துக்குப் பின், இங்கேயே பாகங்கள் தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்கள் வெறுமனே பூட்டி விற்கக் கூடாது என்று 1953ல் அரசு கொள்கை வகுத்தது. இரண்டு கம்பெனிகளும் வெளியேறின. பிறகு புதிய திறந்த கார் எங்கிருந்து வரும்? ஏதோ ஜமீன்தாரிடமோ துரையிடமோ இருந்து கை மாறி வந்த பழைய வண்டிகளே திரும்பத் திரும்ப மாப்பிள்ளைகளைச் சுமந்தன. ஒரே கார் தகப்பனையும் பிள்ளையையும் ஜானவாசம் அழைத்து வந்த கதையை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

செலவு பெண் வீட்டாருடையது. கார் வாடகை, அலங்காரம், பெட்ரோல், டிரைவருக்கு வேஷ்டி. குமாஸ்தா உத்தியோகத்தில் இருந்தவருக்கு அந்த ஒரு சாயங்காலமே கணிசமான சுமை. 'மூடின காரா அனுப்பினார்கள்?' என்று சம்பந்தி முகம் சுளித்து, அது பத்து வருஷம் ஆறாமல் இருந்ததும் உண்டு. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வண்டியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்ததற்கு, இரண்டு குடும்பங்கள் எத்தனை தீபாவளிகள் பேசாமல் இருந்தன!

ஊரில் வேறொரு காட்சியும் இருந்தது. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950களில் 12,000 ரூபாய்க்கு ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் 180 வாங்கினார். பதிவு எண் சி.ஏ.என். 42. 2013 டிசம்பரில் காலமாகும் வரை அதை அவர் கைவிடவில்லை. லட்சக்கணக்கான மைல் ஓடிய அந்தக் காரைக் கொடுத்தால் இரண்டு புதிய கார்கள் தருகிறோம் என்று கம்பெனியே கேட்டும் அவர் மறுத்ததாகப் பத்திரிகைகளில் வந்தது. பத்மநாப ஸ்வாமி கோவிலுக்குத் தவறாமல் வந்துபோனவர் அவர். ராஜ குடும்பத்துக்கு அந்தஸ்தைக் கார் மூலம் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை, அதனால் பழைய காரே போதும் என்று இதற்கு வியாக்கியானம் சொல்லலாம். நமக்கு அந்தச் சௌகரியம் இல்லை போலிருக்கிறது.

நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த நாளில் பணம் மட்டும் இருந்தால் போதாது. அம்பாஸடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று மூன்றே மூன்று. கார் வினியோகத்துக்கே 1959ல் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டிருந்தார்கள். பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்நியச் செலாவணி கொடுத்தால் முந்திக் கிடைக்கும். வளைகுடாவில் பிள்ளை இருந்தவர்கள் வாசலில் திடீரென்று ஃபியட் நின்ற ரகசியம் அதுதான். 1983ல் மாருதி 800க்குப் பதிவு தொடங்கியபோது 10,000 ரூபாய் முன்பணம் கட்டி லட்சம் பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். அந்த டிசம்பர் 14ஆம் தேதி இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தார். விலை ஐம்பதாயிரத்துக்கும் கீழே. 1993ல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் தேவை நீங்கியது, வரிசையும் மறைந்தது. 'கிடைக்குமா' என்ற கேள்வி போய் 'எந்த மாடல்' என்ற கேள்வி வந்தது. 2009ல் வந்த டாடா நேனோவை நினைத்துப் பாருங்கள். லட்ச ரூபாய்க் கார் என்ற விளம்பரமே அதற்கு வினையாயிற்று. மலிவானது என்று ஊரறிந்த ஒன்றை வாசலில் நிறுத்த யாரும் பிரியப்படவில்லை.

தாத்தாவின் பேரன் என்பதால் ஒரு கணக்கும் போட்டு விடுகிறேன். எல்லாம் சேர்த்து 8 லட்சம் ரூபாய்க்கு ஒரு கார் வாங்கிப் பத்து வருஷம் கழித்து 2 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். தேய்மானம் வருஷத்துக்கு 60,000. இன்ஷூரன்ஸ் சராசரி 20,000. சர்வீஸ், டயர், பாட்டரி 15,000. வருஷம் 6,000 கிலோமீட்டர் ஓட்டி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைத்தால் 400 லிட்டர். 105 ரூபாய் வீதம் 42,000. ஆக 1,37,000 ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 23 ரூபாய்! இதில் பெட்ரோல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 'பெட்ரோல் விலை ஏறிவிட்டது, காரை எடுக்கவில்லை' என்று நிறுத்தி வைத்தால் மீதி 95,000 அப்படியே போய்க்கொண்டுதான் இருக்கும். கடனில் வாங்கியிருந்தால் வட்டி தனி: 5 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் ஐந்து வருஷத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். பதினைந்து வருஷம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்கும் செலவும் உண்டு.

நிறுத்துகிற இடம் இன்னொரு கதை. அக்ரஹாரத்தை விட்டு ஃப்ளாட்டுக்கு வந்த நம்மவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரருடன் பேச்சு முறிவது பெரும்பாலும் தூண்களுக்கு நடுவில்தான். தூண்களுக்குக் கீழே உள்ள நிறுத்துமிடத்தைக் கட்டுபவர் தனிச் சொத்தாக விற்க முடியாது, அது குடியிருப்போருக்குப் பொது என்று உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்டில் ஒரு பம்பாய் வழக்கில் சொன்னது. இருந்தும் சங்கக் கூட்டங்களில் பாதி நேரம் இதற்கே போகிறது என்று பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள உறவினர்கள் சொல்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் கீழே நாற்பது கார்கள் நிற்கும். ஆனால் கதவைத் தட்டத் தயங்கி, போனில் வாடகைக் கார் கூப்பிடுகிறோம்.

ஜானவாசக் கார் போய்விட்டது என்று நிம்மதிப்படுவதற்கும் இல்லை. கேரளத்தில் 2021ல் ஓர் இளம்பெண் புக்ககத்தில் இறந்துபோனாள். வரதட்சணையாகக் கொடுத்த கார் மனதுக்குப் பிடித்ததாக இல்லை என்று கணவன் துன்புறுத்தியதாக வழக்கு. 2022 மே மாதம் கொல்லம் நீதிமன்றம் அவனுக்குப் பத்து வருஷ சிறைத் தண்டனை விதித்தது. நம் சமூகத்தில் அப்படி இல்லை என்று சொல்லத் துடிப்பவர்கள், ஜாதகத்தோடு 'சொந்த வீடு, கார் உண்டா' என்றும் கேட்கிறோமா இல்லையா என்று சற்று யோசிக்கலாம். முன்பு ஒரு சாயங்கால வாடகையோடு முடிந்தது, இப்போது பத்து லட்சத்தில் வந்து நிற்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திருவனந்தபுரம் கோட்டை, வலியசாலை, கரமனைத் தெருக்களில் நடந்த பழைய கல்யாணங்களின் ஜானவாசப் புகைப்படங்களைச் சேகரித்து வருகிறேன். வண்டியின் முகப்பும் பதிவு எண்ணும் தெரிகிற படமாக இருந்தால் மிகவும் உபயோகம். எந்த வருஷம், எந்தத் தெரு, வாடகை எவ்வளவு கொடுத்தார்கள் என்று கல்யாணக் கணக்கு நோட்டுப் புத்தகத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலையும் அனுப்பலாம். மூலத்தை அனுப்ப வேண்டாம், தபாலில் தொலையும். நகல் போதும், சங்க அலுவலக முகவரிக்கு அனுப்பினால் என்னிடம் சேர்த்து விடுவார்கள்.