கரிசல் கிரவுண்டுக்கும் டர்ஃபுக்கும் ஒரே ஹாக்கி ஸ்டிக்... எதை வாங்கலாம்?

கோவில்பட்டியில் ஹாக்கி ஆடுறவங்களுக்கு ஒரு தனிப் பிரச்னை உண்டு. வாரம் முழுக்க ஸ்கூல் கிரவுண்டில் பிராக்டீஸ். கோடையில் அது கருங்கல் மாதிரி இறுகிக் கிடக்கும். பந்து எங்கே எகிறும்னு பந்துக்கே தெரியாது. ஐப்பசி மழை வந்துட்டா அதே கரிசல் ஷூவுக்கு அடியில் அப்பிக்கிட்டு ஆளுக்கு ஒரு கிலோ எடையைக் கூட்டிவிடும். டர்ஃப் கிடைக்கிற நாளில் கிருஷ்ணா நகர் செயற்கை இழை மைதானம். அங்கேயும் தண்ணி தெளிச்ச டர்ஃபில் பந்து வழுக்கிட்டுப் பறக்கும். வெயிலில் காய்ஞ்ச டர்ஃபில் இழுத்துப் பிடிக்கும்.

இத்தனை தரைக்கும் வீட்டில் வாங்கித் தர்றது ஒரே ஒரு ஸ்டிக். அதை வெச்சுத்தான் பள்ளிப் போட்டி, விளையாட்டு விடுதித் தேர்வு எல்லாமே. மாரீஸ்வரன் இந்த ஊர்க்காரர். கார்த்தி அரியலூரில் பிறந்து, இங்கே விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்தவர். ரெண்டு பேரும் 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் ஆடினாங்க. அவங்களைப் பார்த்து ஸ்டிக் வாங்கக் கிளம்புற உங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

பனிச்சறுக்கு ஆடுறவங்களுக்கும் இதே தலைவலி இருக்கு. புதுசா விழுந்த பொசபொசப் பனிக்கு அகலமான பலகை நல்லது, இறுகின பனிக்கு ஒல்லியானது நல்லது. ரெண்டையும் வாங்க முடியாதவங்களுக்காகவே 'ஆல் மவுண்டன்'னு நடுத்தர அகலத்தில் ஒரு வகை விற்கிறாங்க. எதிலும் முதல் மார்க் வாங்காது, எதிலும் ஃபெயிலும் ஆகாது. நீங்க தேட வேண்டியதும் அப்படி ஒரு ஸ்டிக்தான்.

முதலில் நீளம். இதில் கோட்டைவிட்டா மற்றது எதுவும் உதவாது. ஸ்டிக்கைப் பக்கத்தில் நிறுத்தினா நுனி உங்க இடுப்பு எலும்பு வரைக்கும் வரணும். பெரியவங்களில் பெரும்பாலானோருக்கு 36.5 இன்ச் சரியா இருக்கும். நல்ல உயரம்னா 37.5. 'வளர்ற பையன்தானே'ன்னு சட்டை வாங்குற மாதிரி பெரிய சைஸ் வாங்காதீங்க. நீளமான ஸ்டிக்கோடு குனிஞ்சு ஆட முடியாது. மேடுபள்ளமான கிரவுண்டில் குனியாதவன் காலுக்கு நடுவில்தான் பந்து போகும்.

அடுத்து, கடைக்காரர் 'என்ன போ வேணும்?'னு கேட்பார். கோவிச்சுக்காதீங்க, உங்களைப் போகச் சொல்லலை. ஸ்டிக்கின் தட்டைப் பக்கத்தைக் கீழே வெச்சுத் தரையில் படுக்கப் போட்டா, நடுவில் வில் மாதிரி தூக்கி நிற்கும். அந்த வளைவுக்குத்தான் 'போ'ன்னு பேர். விதிப்படி இந்த இடைவெளி 25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வளைவின் உச்சி, அடிப்பகுதியிலிருந்து குறைந்தது 200 மில்லிமீட்டர் தள்ளி இருக்கணும்.

உச்சி அந்த 200-ஐ ஒட்டி இருந்தா 'லோ போ'. பெனால்டி கார்னரில் பந்தை இழுத்து எறியும் டிராக் ஃபிளிக்குக்கு அது பிரமாதம். வீடியோவில் பார்த்து எல்லாரும் கேட்குறது இதைத்தான். ஆனா டிராக் ஃபிளிக் வழவழப்பான டர்ஃபின் வித்தை. சரளை மண்ணில் பந்தை இழுத்தா பாதியிலேயே குதிச்சு ஓடிடும். அதோட, லோ போ ஸ்டிக்கில் சாதாரணமா அடிச்சாலே பந்து மேலே கிளம்பும். பழகாத கைக்கு அது ஃபவுல்தான். வளைவு 250 மில்லிமீட்டர் பக்கமோ அதுக்கு மேலேயோ இருக்கும் 'மிட் போ' எடுங்க. அடி, ஸ்டாப், பாஸ் எல்லாத்துக்கும் ஒத்துழைக்கும். நீங்க கார்னர் ஸ்பெஷலிஸ்ட்னு கோச் சொல்ற காலம் வந்தா, அப்போ லோ போ பற்றி யோசிக்கலாம்.

கார்பன் மோகம்

காசு அதிகம் வீணாகுறது இங்கேதான். ஒரு காலத்தில் முசுக்கொட்டை மரத்தில் செய்த ஸ்டிக்தான் எல்லாருக்கும். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையா செயற்கைத் தரைக்குப் போனது. ஆட்டம் வேகமெடுக்க, பின்னாடியே ஃபைபர் கிளாஸ், கார்பன், அராமிட் கலந்த காம்போசிட் ஸ்டிக்குகள் வந்தன. கார்பன் கூடக் கூட ஸ்டிக் விறைப்பாகும், அடி பலமாகும். ஆனா அதே விறைப்பால் வர்ற பந்தும் ஸ்டிக்கில் பட்டுத் தெறிக்கும். எகிறி வர்ற பந்தை அமுக்கி நிறுத்தணும்னா கொஞ்சம் நெகிழ்வான ஸ்டிக்தான் தோது.

கல்லில் அடிபட்டா என்ன ஆகும்கிறதையும் யோசிங்க. 90 சதவிகித கார்பன் ஸ்டிக் பத்தாயிரம் ரூபாயைச் சுலபமா தாண்டும். கடன் வாங்கி அதை எடுத்து, சரளைத் தரையில் தினமும் தேய்ச்சா அடிப்பகுதி சிதிலமாகிடும். கூரான சிதிலம் தெரிஞ்சா நடுவர் அந்த ஸ்டிக்கோடு ஆட விடமாட்டார், விதியே அப்படி. என்னைக் கேட்டா 20 முதல் 50 சதவிகித கார்பன் போதும். டர்ஃபில் வேகம் குறைஞ்சதா தோணாது, மண்ணிலும் தாங்கும். எடை 530 கிராமை ஒட்டி இருக்கட்டும். 737 கிராம் வரை விதி அனுமதிக்குது, ஆனா அது கடப்பாரை.

அப்போ மர ஸ்டிக்? சில நூறு ரூபாயிலேயே கிடைக்கும். மண்ணில் மட்டும் ஆடுற சின்னப் பசங்களுக்குத் தாராளமா போதும். நனைஞ்ச டர்ஃபில் தண்ணி குடிச்சு ஊதிப்போகும் என்பதுதான் அதன் சிக்கல்.

கீழ்வளைவு மேக்ஸியா இருக்கட்டும். ரிவர்ஸ் அடிக்கவும் பந்தை நிறுத்தவும் பரப்பு கூடுதலா கிடைக்கும்.

சீனியர்கிட்ட பழைய ஸ்டிக் வாங்குறதில் தப்பே இல்லை. ஆனா கிரிப்பைப் பிரிச்சு உள்ளே விரிசல் இருக்கான்னு பாருங்க. ஒரு நாணயத்தால் மேலிருந்து கீழ் வரைக்கும் தட்டுங்க. ஓர் இடத்தில் மட்டும் சத்தம் மந்தமா வந்தா உள்ளே அடுக்கு பிரிஞ்சிருக்கு. எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஸ்டிக்கில் மிச்சம் பிடிச்ச காசை ஷூவில் போடுங்க. அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் நிறைய இருக்கும் டர்ஃப் ஷூ, காய்ஞ்ச மண்ணிலும் பிடிக்கும். மழை நாளில் கரிசல் அப்பினா குச்சியால் சுரண்டிட்டு, கழுவிட்டு டர்ஃபில் ஏறுங்க. இல்லைன்னா அந்த மண் இழைக்குள் இறங்கி அடைச்சுக்கும்.

மண்ணில் ஆடுற நாட்களில் கீழ்வளைவில் டேப் சுற்றிக்கங்க. தேய்ஞ்சா டேப்தான் தேயும். மேட்ச் அன்னைக்கு ஒண்ணு கவனிக்கணும்: டேப்போடு சேர்த்து ஸ்டிக் 51 மில்லிமீட்டர் வளையத்துக்குள் நுழையணும். பிராக்டீஸ் முடிஞ்சதும் ஸ்டிக்கை பைக்கிலோ மொட்டை மாடியிலோ நம்ம ஊர் வெயிலில் போட்டுடாதீங்க. சூட்டில் உள்ளே இருக்கும் பிசின் பலவீனமாகும். துடைச்சு, வீட்டுக்குள் நிழலில் ஒரு மூலையில் சாய்ச்சு வைங்க.