ஆரஞ்சுக் கூம்பின் கதை

நம் வீட்டுக் கணினிகள் பலவற்றில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு கூம்புப் படம் இருக்கும். பழைய கல்யாண வீடியோவோ சினிமாவோ, எதைக் கொடுத்தாலும் அது ஓட்டிக் காட்டும். வி.எல்.சி. என்று பெயர். அது பிரான்சில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

பாரீசுக்குத் தெற்கே ஷாத்னே-மலாப்ரியில் 'எகோல் சாந்த்ரால்' என்ற பெயர்பெற்ற பொறியியல் கல்லூரி இருந்தது. எகோல் என்றால் பள்ளிக்கூடம்தான். ஆனால் இந்த வகை எகோலில் நுழையக் கடுமையான போட்டித் தேர்வு எழுத வேண்டும். 1990-களின் நடுவில் அங்கே விடுதி மாணவர்களுக்கு ஒரு குறை. விடுதியின் கணினி வலைப்பின்னல் மிக மெதுவாக இருந்தது. புதியது கேட்க வேண்டுமானால் தக்க காரணம் காட்ட வேண்டுமே! ஒரே ஒரு டிஷ் ஆன்டெனா வைத்து, டி.வி. நிகழ்ச்சிகளை வலைப்பின்னல் வழியே எல்லா அறைகளுக்கும் அனுப்பலாம் என்று 1996-இல் வேலையைத் தொடங்கினார்கள். அனுப்புவதற்கு ஒரு மென்பொருள், அறையில் வாங்கிக் காட்டுவதற்கு இன்னொன்று. இரண்டாவதுதான் 'வீடியோலேன் கிளையன்ட்', சுருக்கமாக வி.எல்.சி. மாணவர் சங்கத்தார் சாலைக் கூம்புகளைக் கொண்டுவந்து சேர்த்து வைத்திருந்தார்கள், அதுவே சின்னமாயிற்று.

1998-இல் எல்லாவற்றையும் புதிதாக எழுதினார்கள். 2001 பிப்ரவரி 1 அன்று, கல்லூரியின் சம்மதத்துடன், நிரல் முழுவதும் பொதுவுக்குத் திறந்துவிடப்பட்டது.

இதன் அமைப்பை ஓர் அரசு அலுவலகமாக நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். உள்ளே ரெக்கார்டு ரூம், வெளியே கவுண்டர். படக் கோப்பைப் பிரித்து, காட்சியையும் ஒலியையும் இணைத்து ஓட்டுகிற வேலையை 'லிப்-வி.எல்.சி.' என்ற நிரல் நூலகம் செய்கிறது. அதற்கு முகம் கிடையாது. நாம் அழுத்துகிற பொத்தான், மெனு, ஒலி கூட்டும் பட்டை எல்லாம் கவுண்டர். இரண்டும் தனித்தனி என்பதால் 2008-இல் 'கியூட்' என்ற கருவித்தொகுப்பைக் கொண்டு புது முகப்பு கட்டியபோது உள்ளே அலமாரிகளைக் கலைக்க வேண்டியிருக்கவில்லை. மேக் கணினிக்கு வேறு முகப்பு, ரெக்கார்டு ரூம் அதேதான்.

கவுண்டர் வேலையை அற்பமாக நினைக்கக் கூடாது. ஃபாப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-இல் தொடங்கிய 'எஃப்.எஃப்.எம்பெக்' என்ற திட்டத்தின் நூலகத்தைத்தான் பலவகைப் படக் கோப்புகளைப் படிக்க வி.எல்.சி. பயன்படுத்துகிறது. அதைத் தனியாக இயக்க வேண்டுமானால் நீளமான கட்டளை வரிகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். நம்மில் எத்தனை பேர் செய்வோம்? கவுண்டர் இல்லாவிட்டால், மனு எழுதத் தெரிந்தவனுக்கு மட்டும் கதவு திறக்கிற அலுவலகம்தான் அது.

2009 முதல் கல்லூரியிலிருந்து பிரிந்து லாப நோக்கமற்ற சங்கமாக நடக்கிறது. விளம்பரம் சேர்க்கச் சொல்லிப் பெரும் பணத்துடன் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதாக அதன் தலைவர் ழான்-பத்தீஸ்த் கெம்ஃப் சொல்லியிருக்கிறார்.

2011-இல் இன்னொரு காரியம் செய்தார்கள். அந்த ரெக்கார்டு ரூமின் மேல் யார் வேண்டுமானாலும் தங்கள் கவுண்டரைக் கட்டிக்கொள்ளலாம் என்று உரிம விதியைத் தளர்த்த முடிவு செய்தார்கள். நிரல் எழுதியவருக்கே அதன்மேல் உரிமை என்பதால், பல ஆண்டுகளாகப் பங்களித்த நூற்றுக்கணக்கானவர்களைத் தேடிப்பிடித்துச் சம்மதம் கேட்டார்கள். கோப்பில் ஒரு வரி எழுதியவரைக்கூட மறக்காமல் கேட்டு முடித்த அலுவலகத்தை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.